டோக்கியோவில் கால் சதவிகிதம்... மும்பையில் 15 லட்சம் கோடி!

2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. முதல் நாள்தான் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி பத்துப் பேரை வைத்துக்கொண்டே தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் பிரிட்டனை வீழ்த்தியிருந்தது. அந்த சந்தோஷத்தோடு போனைத் திறந்தவர்களில், பங்குச் சந்தை ஆப் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் காலைக் காபி கசந்திருக்கும்.

டோக்கியோ கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். நமக்கு அதிகாலை 5.30 என்றால் அங்கே 9 மணி, சந்தை திறக்கும் நேரம். நாம் பல் துலக்குவதற்குள் ஜப்பானின் நிக்கேய் குறியீடு சரிய ஆரம்பித்துவிட்டது. நம் நேரப்படி காலை 11.30-க்கு அங்கே சந்தையை மூடியபோது 4,451 புள்ளிகள் காலி. அதாவது 12.4 சதவிகிதம். புள்ளிக் கணக்கில் பார்த்தால் ஜப்பான் சந்தையின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய ஒருநாள் வீழ்ச்சி. கொரியாவில் 8.8 சதவிகிதம், தைவானில் 8.4 சதவிகிதம். மும்பையில் சென்செக்ஸ் 2,222 புள்ளிகள் இறங்கி 78,759-ல் நின்றது. இந்தியப் பங்குகளின் மொத்த மதிப்பில் ஒரே நாளில் சுமார் 15 லட்சம் கோடி ரூபாய் கரைந்தது. ராத்திரி அமெரிக்காவின் டவ் ஜோன்ஸும் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் விழுந்தது.

அன்று மாலை நம் டி.வி-க்கள் முழுக்க வங்கதேசம். ஷேக் ஹசீனா பதவியை விட்டு இந்தியாவுக்கு வந்து இறங்கிய நாள் அது. அந்தப் பரபரப்பில் சந்தைச் செய்தி இரண்டாம் இடத்துக்குப் போனது.

அப்படி என்னதான் நடந்தது? புதிதாகப் போர் மூளவில்லை, பெரிய வங்கி எதுவும் திவாலாகவில்லை. ஐந்து நாள்கள் முன்பு, ஜூலை 31-ம் தேதி, பேங்க் ஆஃப் ஜப்பான் தன் வட்டி விகிதத்தை 0.25 சதவிகிதம் ஆக்கியிருந்தது. வருடத்துக்குக் கால் சதவிகிதம். நம் ஊரில் கைமாத்து கொடுப்பவர்கூட இதை வட்டி என்று சொல்ல மாட்டார்.

அந்தக் கால் சதவிகிதம் எப்படிக் கடல் தாண்டி வந்தது என்பதுதான் கதை.

இங்கே வாங்கி அங்கே விடு

குறைந்த வட்டிக்கு நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தை அதிக வட்டி தரும் இடத்தில் போடுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நடுவில் நிற்கும் வித்தியாசம் லாபம். இதையே நாடு விட்டு நாடு செய்தால் அதற்கு ‘கேரி டிரேட்’ என்று பெயர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஜப்பானில் ஏறக்குறைய வட்டியே இல்லாமல் ஒரு கோடி யென் கடன் வாங்குகிறீர்கள். ஒரு டாலருக்கு 160 யென் என்றால், கையில் 62,500 டாலர். அதை அமெரிக்காவில் 5 சதவிகிதத்துக்குப் போட்டால் ஒரு வருடத்தில் 3,125 டாலர் வட்டி. டாலர் அதே 160 யென்னில் இருந்தால், அது 5 லட்சம் யென். உட்கார்ந்த இடத்தில் லாபம். டாலர் இன்னும் ஏறினால் லாபமும் ஏறும்.

யென் பலமானால்? ஒரு டாலருக்கு 142 யென்தான் என்று ஆகிவிட்டால், அதே 62,500 டாலரைத் திருப்பினால் 88,75,000 யென்தான் கிடைக்கும். அசலில் 11,25,000 யென் குறைகிறது. இரண்டு வருட வட்டிக்கும் மேலே. வட்டிக்கு ஆசைப்பட்டு முதலைத் தொலைப்பது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான்.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஜப்பானில் கரன்சி வர்த்தகம் செய்யும் சாதாரண ஆளுக்கு, கையில் இருப்பதைப்போல 25 மடங்கு வரை வர்த்தகம் செய்யச் சட்டமே அனுமதிக்கிறது. 4 லட்சம் யென் கட்டினால் ஒரு கோடிக்கு ஆடலாம். டாலர் 160-லிருந்து 153 யென்னுக்கு வந்தாலே அந்த 4 லட்சமும் போய்விடும். அதற்கு முன்பே, ‘இன்னும் பணம் கட்டு, இல்லாவிட்டால் உன் கணக்கை முடிக்கிறோம்’ என்று புரோக்கரிடமிருந்து தகவல் வரும். பெரிய ஃபண்டுகளுக்கும் இதே விதிதான்; தொகையில் மட்டும் சில சைபர்கள் கூடுதல்.

பத்து யென்னுக்கு மன்னிப்பு கேட்ட நாடு

ஜப்பானில் மட்டும் ஏன் வட்டி இவ்வளவு குறைவு? 1980-களின் கடைசியில் அங்கே நிலமும் பங்குகளும் கண்மண் தெரியாமல் ஏறின. 1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் 38,915-ஐத் தொட்டது. ஏற்றத்தை அடக்க மத்திய வங்கி ஒன்றேகால் வருடத்தில் வட்டியை 2.5-லிருந்து 6 சதவிகிதத்துக்குக் கொண்டுபோனது. குமிழி உடைந்தது. அந்த 38,915-ஐ நிக்கேய் மறுபடி தாண்டியது எப்போது தெரியுமா? 2024 பிப்ரவரி 22. முப்பத்து நான்கு வருடங்கள்!

இடைப்பட்ட காலத்தில் ஜப்பான் பார்த்தது விலைவாசி உயர்வை அல்ல, விலை உயராமையை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வருடமும் இதே விலைதான் என்றால் யாரும் அவசரப்பட்டு எதையும் வாங்க மாட்டார்கள். கம்பெனிகள் விலையைக் கூட்டாது, சம்பளத்தையும் கூட்டாது. 2016-ல் ‘காரிகாரி-குன்’ என்ற குச்சி ஐஸ் 25 வருடங்களுக்குப் பிறகு 60 யென்னிலிருந்து 70 யென் ஆனது. அதற்காக அந்தக் கம்பெனியின் பெரியவர்களும் ஊழியர்களும் வரிசையாக நின்று தலைகுனிந்து வணங்கி டி.வி. விளம்பரத்தில் மன்னிப்பு கேட்டார்கள். பத்து யென்னுக்கு!

இந்த உறக்கத்தைக் கலைக்கத்தான் பேங்க் ஆஃப் ஜப்பான் 1999-ல் வட்டியை சைபர் ஆக்கியது. போதவில்லை. கவர்னர் ஹாருஹிகோ குரோடா காலத்தில், 2016 ஜனவரியில், சைபருக்கும் கீழே இறங்கி மைனஸ் 0.1 சதவிகிதம் என்று அறிவித்தது. வங்கிகள் மத்திய வங்கியில் கூடுதலாகப் பணம் வைத்தால், வட்டி வாங்குவதற்குப் பதில் கட்ட வேண்டும். சாதாரண டெபாசிட்டுக்கு அந்தத் தண்டனை வரவில்லை. ஆனாலும் ஜனங்கள் பயந்துபோய், வீட்டில் பணம் வைக்க இரும்புப் பெட்டி வாங்கினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன.

சாதாரண சேமிப்புக் கணக்குக்குப் பெரிய வங்கிகள் கொடுத்த வட்டி 0.001 சதவிகிதம். பத்து லட்சம் யென் போட்டுவைத்தால் வருடத்துக்கு 10 யென். குழந்தைகள் பெட்டிக் கடையில் வாங்கும் ‘உமாய்போ’ என்ற குச்சி நொறுக்குத் தீனி ஒன்றின் விலை, 2022-ல் ஏற்றப்பட்ட பிறகு, 12 யென். ஒரு வருட வட்டிக்கு ஒரு நொறுக்குத் தீனி வராது!

மிஸஸ் வாடனபேயின் அடுப்படிக் கணக்கு

இங்கேதான் ஜப்பானிய இல்லத்தரசி கதைக்குள் வருகிறார். அங்கே பல வீடுகளில் கணவர் சம்பளத்தை அப்படியே மனைவியிடம் கொடுத்துவிட்டு, கைச்செலவுக்கு அவரிடம் வாங்கிக்கொள்வது வழக்கம். சேமிப்பு எங்கே போக வேண்டும் என்பது பெண்கள் முடிவு. உள்ளூர் வங்கி ஒன்றும் தராது என்றால் அவர்கள் சும்மா இருப்பார்களா? இன்டர்நெட் வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கரன்சி வாங்கி விற்க ஆரம்பித்தார்கள். உலகச் சந்தைக்காரர்கள் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ‘மிஸஸ் வாடனபே’ என்று பெயர் வைத்தார்கள். வாடனபே என்பது அங்கே தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர். கொஞ்சம் கேலிதான், ஆனால் கேலி செய்தவர்களே பிறகு இவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தார்கள்.

அவர்களுக்குப் பிடித்த இடங்களில் ஒன்று நியூசிலாந்து. அங்கே 2007-ல் வீட்டு விலைகள் எகிறிக்கொண்டிருந்தன. அடக்குவதற்காக அந்த நாட்டு மத்திய வங்கி வட்டியைப் படிப்படியாக 8.25 சதவிகிதம் வரை உயர்த்தியது. பாடப்புத்தகப்படி கடன் குறைய வேண்டும். நடந்தது வேறு. வட்டி ஏற ஏற, ஜப்பானிய சேமிப்பு இன்னும் வேகமாக உள்ளே வந்தது. நியூசிலாந்து டாலரில் வெளியிட்ட பத்திரங்கள் ஜப்பானியக் குடும்பங்களிடம் விற்றன. அந்தப் பணத்தின் தயவில் நியூசிலாந்து வங்கிகளால், தங்கள் மத்திய வங்கி விரும்பியதைவிடக் குறைந்த வட்டிக்கு வீட்டுக் கடன் கொடுக்க முடிந்தது. 2007 ஜூனில் அந்த மத்திய வங்கி, 1985-க்குப் பிறகு முதல்முறையாக, தன் கரன்சியைத் தானே சந்தையில் விற்று மதிப்பைக் குறைக்கப் பார்த்தது. ஒரு நாட்டின் வட்டிக் கொள்கையை, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி அடுப்படியில் உட்கார்ந்திருப்பவர்கள் புரட்டிப் போட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. பயந்த பணம் எல்லாம் கடனை அடைக்க யென்னுக்குத் திரும்பியது. 2007 ஜூலையில் 97 யென் வரை போன நியூசிலாந்து டாலர், 2009 தொடக்கத்தில் 50 யென்னுக்கும் கீழே. வாடனபேக்கள் பலரின் பல வருடச் சேமிப்பு அதோடு போனது.

மூன்று நாள்களில் மூன்று அடி

இப்போது 2024-க்கு வருவோம். கொரோனாவுக்குப் பிறகு விலைவாசி ஏறியதால் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் பதினோரு முறை வட்டியைக் கூட்டி, 5.25 - 5.50 சதவிகிதத்தில் நிறுத்தியது. ஜப்பான் மட்டும் மைனஸிலேயே படுத்திருந்தது. இப்படி ஒரு வித்தியாசத்தை உலகம் விட்டுவைக்குமா? யென்னில் கடன் வாங்கி அமெரிக்க டெக் பங்குகள், மெக்சிகோ பத்திரங்கள் என்று எதை எதையோ வாங்கினார்கள். இதன் மொத்த அளவைச் சரியாக அளக்க வழியில்லை. மத்திய வங்கிகளின் வங்கி எனப்படும் பி.ஐ.எஸ். பிறகு போட்ட தோராயக் கணக்கு, 40 லட்சம் கோடி யென்.

எல்லோரும் யென்னை விற்றால் யென் விழத்தானே செய்யும்? 2022 தொடக்கத்தில் டாலருக்கு 115 என்று இருந்தது, 2024 ஜூலை தொடக்கத்தில் 161-ஐத் தாண்டியது. 1986-க்குப் பிறகு இவ்வளவு மோசமில்லை. எண்ணெய், கேஸ், கோதுமை எல்லாவற்றையும் இறக்குமதி செய்யும் நாட்டில் கரன்சி விழுந்தால் அடி விழுவது சமையலறையில்தான். விலையே ஏறாத நாட்டில் கடைக்குப் போனவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அரசு அந்த ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மட்டும் 9.8 லட்சம் கோடி யென் அளவுக்கு டாலரை விற்று யென்னைத் தாங்கிப் பார்த்தது. தண்ணீர் ஊற்றிய மணல் மாதிரி, கொஞ்ச நாளில் பழையபடி.

புது கவர்னர் கசுவோ உவெடா 2024 மார்ச்சில் மைனஸ் வட்டிக்கு முடிவு கட்டியிருந்தார். 17 வருடங்களில் முதல் உயர்வு. ஜூலை 31-ல் அடுத்தது, 0.25. சந்தையில் பலர் அன்றைக்கு அதை எதிர்பார்க்கவில்லை. அதோடு, 0.5 சதவிகிதம் ஒன்றும் தாண்டக் கூடாத சுவர் இல்லை என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். அதே நாள், அமெரிக்காவில் ஃபெட் தலைவர் ஜெரோம் பவெல், செப்டம்பரில் வட்டியைக் குறைக்க வாய்ப்பிருக்கிறது என்றார். ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு வந்தது. புதிய வேலைகள் 1,14,000 மட்டுமே, வேலையின்மை 4.3 சதவிகிதம். அமெரிக்கப் பொருளாதாரமே படுத்துவிடுமோ என்ற பயம் கிளம்பியது.

ஜப்பானில் வட்டி ஏறும், அமெரிக்காவில் இறங்கும். கேரி டிரேட் நின்றுகொண்டிருந்த இடைவெளி இரண்டு பக்கமிருந்தும் நெருங்கியது. கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் யென் வாங்க ஓடினார்கள். அந்த ஓட்டத்திலேயே யென் ஏறியது. யென் ஏறியதால் இன்னும் பலர் ஓடினார்கள். ஜூலையில் 161 ஆக இருந்த டாலர், ஆகஸ்ட் 5 அன்று 142 யென் அருகில். மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா?

இந்தியப் பங்கு என்ன பாவம் செய்தது?

பலரும் அன்று கேட்ட கேள்வி இது. நம் கம்பெனிகளின் லாபம் வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் குறைந்துவிடவில்லை. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 6.5 சதவிகிதத்தில் அசையாமல் இருந்தது.

அவசரமாகப் பணம் புரட்ட வேண்டியிருந்தால் வீட்டில் எதை முதலில் எடுப்போம்? சொத்திலேயே மோசமான, வில்லங்கமுள்ள நிலத்தையா? அதற்கு ஆள் கிடைக்கவே ஆறு மாதமாகும். பீரோவில் இருக்கும் நல்ல தங்கத்தைத்தான் எடுப்போம், ஏனென்றால் அது உடனே காசாகும். உலக ஃபண்டுகளும் அப்படித்தான். மார்ஜின் கட்டப் பணம் வேண்டும் என்றால் எது சட்டென்று விலைபோகுமோ அதை விற்பார்கள். ஆகஸ்ட் 5 அன்று வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளில் நிகரமாக 10,000 கோடி ரூபாய்க்கு மேல் விற்றார்கள். நம் சந்தை அவர்களுக்குப் பீரோத் தங்கம்.

அதே நாள் நம் உள்நாட்டு நிறுவனங்கள் 9,000 கோடிக்கு மேல் வாங்கின. அந்தப் பணம் எங்கிருந்து? மாதம் 500, 1,000, 2,000 என்று எஸ்.ஐ.பி. கட்டும் குடும்பங்களிடமிருந்து வருவதில் பெரும் பங்கு. அதற்கு முந்தைய ஜூலையில் மட்டும் இப்படி வந்தது 23,332 கோடி. அந்தச் சில்லறை இல்லாவிட்டால் அன்றைய 2,222 எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஜப்பானில் நிலைமை இன்னும் பாவம். டெபாசிட்டில் தூங்கும் பணத்தை முதலீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று அரசே சொல்லி, 2024 ஜனவரியில்தான் ‘நிசா’ என்ற வரியில்லா முதலீட்டுக் கணக்கைப் பெரிதாக்கியிருந்தது. அரசு பேச்சைக் கேட்டு முதல்முறையாகச் சந்தைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஏழாவது மாதம் முடிந்ததும் இந்த அடி. பிரதமர் கிஷிடா, நிதானமாக முடிவெடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது.

மறுநாளே நிக்கேய் 3,217 புள்ளிகள் ஏறியது. இதுவும் சரித்திர சாதனைதான். திங்கட்கிழமை பயத்தில் விற்றவர்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படி இருந்திருக்கும்!

பின்வாங்கிய துணை கவர்னர்

ஆகஸ்ட் 7, புதன்கிழமை. பேங்க் ஆஃப் ஜப்பான் துணை கவர்னர் ஷினிச்சி உச்சிடா, வடக்கே ஹகோடாடே நகரில், சந்தை நிலையில்லாமல் இருக்கும்போது வட்டியை உயர்த்த மாட்டோம் என்று சொன்னார். ஒரு வாரத்துக்கு முன் கவர்னர் பேசிய தொனிக்கு நேர் எதிர். யென் உடனே இறங்கியது, பங்குகள் ஏறின.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அன்றைக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் கடன் வாங்கிச் சூதாடியவர்கள் சத்தம் போட்டால் மத்திய வங்கி இறங்கிவரும் என்று ஆகிவிட்டால், அடுத்த முறை இன்னும் தைரியமாகக் கடன் வாங்குவார்கள். வட்டி ஏறாவிட்டால் யென் விழும். யென் விழுந்தால் கடையில் விலை ஏறும். அந்த விலையைக் கொடுப்பவர்களில் பலருக்குக் கேரி டிரேட் என்ற வார்த்தையே தெரியாது.

உயர்த்தியதைவிட, சொல்லாமல் உயர்த்தியதுதான் பிரச்னை என்று நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே வங்கி வட்டியை இரட்டிப்பாக்கி 0.5 சதவிகிதம் ஆக்கியது. இந்த முறை ஒரு வாரம் முன்பிருந்தே கவர்னரும் இன்னொரு துணை கவர்னரும் ஜாடை காட்டியிருந்தார்கள். சந்தை பெரிதாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த டிசம்பரில் 0.75 ஆனது, ஜப்பானில் 30 வருடங்களில் இல்லாத வட்டி.

வாடனபே வீட்டுக் கணக்கும் மாறியிருக்கிறது. 2025 மார்ச்சில் பெரிய வங்கிகள் சேமிப்பு வட்டியை 0.2 சதவிகிதம் ஆக்கின. 10 யென் தந்த அதே பத்து லட்சத்துக்கு அப்போது வருடம் 2,000 யென் என்று ஆனது, வரி போகக் கொஞ்சம் குறையும். உமாய்போவின் விலையும் அதற்குள் 15 யென் ஆகிவிட்டது.